ஏழு சுற்றுக் கட்டு

சிறுமி சில்வண்டின் தலைமுடிக்குள் ஒரு குருவி கூடு கட்டிக் குடித்தனம் நடத்தினாலும் வெளியே தெரியாது என்று ஆசிரியை எழுதவில்லை. அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை வகுப்புப் புகைப்படம். அதற்குள் சிக்கெடுத்து வாரி அனுப்பவும், முடியாவிட்டால் கத்தரித்து அனுப்பவும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த அந்த மூன்று வரிகளைப் பெரியவர் கண்ணாடி போட்டு ஒருமுறையும் கழற்றிவிட்டு ஒருமுறையும் படித்தார். இந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி வெளியாள் ஒருவர் இப்படி எழுதும்படி ஆனது இதுவே முதல் தடவை.

"சாயங்காலம் சலூனுக்குக் கூட்டிட்டுப் போயிடறேண்ணே," என்றான் தம்பி, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே. "ஒட்ட வெட்டிவிட்டா ஒரே வேலையா முடிஞ்சுது."

"கத்தியைத் தூக்கறது கடைசி வேலைடா. முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல, சிக்கிக்கிச்சுன்னு ஒரு வயரை நான் வெட்டினதில்ல. நீ வர்றதுக்குள்ள எடுத்து வைக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணே அந்தக் கஷ்டம்?"

"எனக்கு இங்க வேற என்ன வேலை? போ, உனக்கு நேரமாச்சு."

தம்பி வாசலில் ஒரு கணம் நின்றான். மகளைப் பார்த்தான், அவளுடைய தலையைப் பார்த்தான். பிறகு தெருவில் இறங்கிப் போனான். பெரியவர் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியவர் தொலைபேசித் துறையில் கேபிள் இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அடியில் குழிக்குள் இறங்கி, மழைத் தண்ணீரில் ஊறிப்போன நானூறு ஜோடிக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நிறம் பார்த்து, ஜோடி சேர்த்து, கட்டி மூடிவிட்டு மேலே வருவது அவர் தொழில். குழிக்குள்ளே குனிந்தே கிடந்ததற்கு ஈடு கட்டுவதுபோல், குழிக்கு வெளியே அவர் ஒருநாளும் குனிந்ததில்லை. நடந்தாலும் உட்கார்ந்தாலும் முதுகு சுவர் மாதிரி நிற்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஏழு வயதுப் பெண், இவ்வளவுதான் குடும்பம். ஓயாமல் பேசுகிற அந்தப் பெண்ணுக்குச் சில்வண்டு என்று பட்டம் வைத்தவரும் அவர்தான்.

தலை இந்தக் கதிக்கு ஆளானதற்கு எல்லாரும் சொன்ன காரணம் நீச்சல். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவும் அம்மாவும் அவளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வரும்போது முடியிலிருந்து தண்ணீர் சொட்டும். தம்பி மனைவி ஊரில் இருந்தவரை எப்படியோ வாரிச் சமாளித்துவந்தாள். அலுவலகப் பயிற்சி என்று அவள் வெளியூர் போய்ப் பத்து நாளாகிறது. தகப்பன் சீப்பை எடுத்தாலே பிள்ளை வீட்டைச் சுற்றி ஓடுகிறாள்.

அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, அதன் முன்னால் முக்காலி போட்டு, ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்துக்கொண்டு பெரியவர் உட்கார்ந்தார். பல் அகன்ற மரச்சீப்பு ஒன்று, துண்டு ஒன்று.

"வலிச்சா கத்துவேன்," என்றாள் சில்வண்டு.

"வலிச்சாத்தானே."

"கத்தினா எதிர்வீட்டு டெய்லர் அக்கா ஓடி வருவாங்க."

"வரட்டும். அவங்க தலையையும் ஒரு கை பார்த்து விடலாம்."

அவள் சிரித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவிட்டார். உச்சியில் சீப்பை வைத்து இழுப்பவன் முட்டாள். நுனியில் தொடங்க வேண்டும். ஒரு விரல் கனத்துக்கு முடியைப் பிரித்து, சிக்குக்கு மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கீழே என்ன நடந்தாலும் தலைக்கு இழுப்பு போகாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரல் நுனியால் அகலப்படுத்தி, ஒவ்வொரு இழையாகக் கழற்ற வேண்டும். கம்பிக்கும் இதே கணக்குதான்.

"ஆரம்பிச்சுட்டீங்களா பெரியப்பா?"

"ஒரு பக்கம் பாதி முடிஞ்சாச்சு."

"பொய்."

"இந்த வீட்டுல யாரும் பொய் பேசறதில்ல. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். வலப்பக்கம் காதுக்குக் கீழே முடி வழுவழுவென்று இறங்கியது. அதற்குப் பிறகு கத்தும் பேச்சை எடுக்கவில்லை. வகுப்பில் யாருக்குப் பல் விழுந்தது, யார் யாருடைய ரப்பரைத் தின்றது என்று சில்வண்டு பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

பெரியவரின் விரல்களுக்கு இந்த வேலை புதிதல்ல. அம்மா இறந்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயது, தம்பிக்கு ஏழு, தங்கைக்கு நான்கு. அப்பா அதற்கு முன்னாலேயே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலை ஆறு மணிக்குத் தங்கைக்குத் தலைவாரிவிட்டுத்தான் குழிக்குப் போவார். ரப்பர் வளையம் முடியை அறுக்கிறதென்று அவள் அழுதபோது, கம்பிக் கற்றைகளைக் கட்டுகிற மெழுகு நூலைக் கொண்டுவந்து பின்னலின் நுனியில் கட்டிவிட்டார். நூலையே வளைத்து ஒரு கண்ணி வைத்து, அதன்மேல் சுற்றி, நுனியைக் கண்ணிக்குள் கொடுத்து உள்ளே இழுத்துவிடுவது. முடிச்சே இருக்காது, அவிழவும் அவிழாது. ஒவ்வொரு இணைப்பாளருக்கும் இத்தனை சுற்று என்று ஒரு கணக்கு உண்டு. நாளைக்குப் பழுது வந்தால் இது யார் கை என்று கட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவர் கணக்கு ஏழு.

தங்கை அதைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். ஆனால் ஏழு சுற்றுக்கு அவளுக்குப் பொறுமை கிடையாது. ஐந்தோடு நிறுத்திவிடுவாள். நுனியையும் ஒட்ட நறுக்காமல் வால் மாதிரி விட்டுவிடுவாள்.

அவளைப் பற்றி அந்த வீட்டில் பேசிப் பதினைந்து வருடமாகிறது. கல்யாணத்தன்று காலையில், மண்டபத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்க, அவள் பின்கதவு வழியாகப் போய்விட்டாள். மாப்பிள்ளை பெரியவருடைய மேலதிகாரியின் மகன். வாசலில் நின்று முந்நூறு பேரையும் கைகூப்பித் திருப்பி அனுப்பியவர் பெரியவர். பிடிக்கவில்லையென்றால் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்பது அவர் கட்சி. இரண்டு தடவை சொன்னேன், வெட்கப்படுகிறாள் என்று நீங்கள்தான் சிரித்தீர்கள் என்பது அவள் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தின் கட்சி. அன்று மாலை தம்பியைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் நிறுத்தி, பெரியவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "இந்த வீட்டு மனுஷங்க யாராவது அவ வாசப்படியை மிதிச்சது எனக்குத் தெரிஞ்சா, அன்னைக்கே நான் இந்த வீட்டைவிட்டுப் போயிடுவேன்." தம்பி அழுதுகொண்டே அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். சொன்ன சொல்லிலிருந்து பெரியவர் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

மதியத்துக்குள் தலை முழுவதும் வழிக்கு வந்துவிட்டது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. இடது காதுக்குப் பின்னால், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு முண்டு.

சில்வண்டு அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். "இதை மட்டும் விட்டுடுங்க பெரியப்பா."

"ஏன், வளர்த்துக் கண்காட்சியில வைக்கப் போறியா?"

"முடிக்குள்ள மறைஞ்சிடும். போட்டோவுல தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

 காலையிலிருந்து ஓயாத சத்தம் நின்றுபோனது. பெரியவர் அவளுடைய கையை மெதுவாக எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, முண்டுக்குள் விரலை விட்டார்.

இரண்டு நிமிடத்தில் அவருக்கு ஒன்று புரிந்தது. தானாக விழுகிற சிக்கு எட்டுத் திக்கிலும் போகும். இது ஒரே பக்கமாகச் சுற்றியிருந்தது. யாரோ விரலால் சுருட்டிச் சுருட்டி, மேலே மேலே முடியைப் போட்டுத் தேய்த்து, வேண்டுமென்றே செய்த சிக்கு. அவர் அவசரப்படவில்லை. எண்ணெயை விட்டு, சுற்றின போக்கிலேயே திரும்பிப் போனார். ஒவ்வொரு அடுக்காகக் கழன்றது. கடைசியில் உள்ளேயிருந்து, தீக்குச்சி கனத்தில் ஒரு சின்னப் பின்னல் வெளியே வந்தது. நான்கு புரிப் பின்னல். நுனியில் பழுப்பு நிற மெழுகு நூல். முடிச்சில்லை.

முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நல்ல கட்டு. இதை நான் எப்போது கட்டினேன் என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றை எண்ணினார். ஐந்து. நுனியில் வால்.

"இதை யாரு கட்டினா?"

"நீச்சல் மாஸ்டர்."

"நீச்சல் மாஸ்டருக்கு இந்தக் கட்டெல்லாம் தெரியுமா?"

"அவங்களுக்கு எல்லாம் தெரியும். அப்பளம் மாதிரி வட்டமா காத்தாடிகூட செய்வாங்க."

"சரி. அவங்களை நீ எப்படிக் கூப்பிடுவ?"

சில்வண்டு ஜன்னலைப் பார்த்தாள், கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அத்தைன்னு," என்றாள்.

பெரியவர் சீப்பைக் கீழே வைத்தார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் குழந்தை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். மெதுவாக, நுனியில் பிடித்து, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நீச்சல் குளம் எங்க இருக்கு?"

"குளம் இல்ல. அத்தை வீட்டுக் குளியலறையில ஒரு வாளி. கிளம்பறப்போ அம்மா என் தலையில ரெண்டு குவளை ஊத்துவாங்க. துவட்டக் கூடாது, அப்புறம் நீங்க நம்ப மாட்டீங்க."

"ஒன்றரை வருஷமா?"

"எனக்கு ஜலதோஷம் பிடிச்சா மட்டும் ஊத்த மாட்டாங்க. அன்னைக்கு வகுப்பு லீவுன்னு சொல்லிக்குவோம்."

"அம்மா இப்ப எங்க?"

"பயிற்சியில."

"என்ன பயிற்சி?"

"அத்தைக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு. எழுந்து நடக்கணும் இல்ல? அம்மா கையைப் பிடிச்சு நடக்கப் பயிற்சி குடுக்கறாங்க. போன ஞாயித்துக்கிழமை வராந்தா வரைக்கும் வந்தாங்க. கட்டில்ல படுத்துக்கிட்டே இதைப் பின்னிவிட்டாங்க."

சுவரில் ஓர் ஆணியில் நீச்சல் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. சென்ற பிறந்தநாளுக்குப் பெரியவர் வாங்கிக் கொடுத்தது. நீல நிறம், நல்ல தரம். அதன் பட்டையில் கடைக்காரன் ஒட்டிய தாள் இன்னும் நலுங்காமல் இருந்தது. காலையில் பூங்காவில் உடன் நடக்கிறவர்களிடம், எங்கள் வீட்டுப் பெண் மீன் மாதிரி நீந்துகிறாள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு உண்மை தெரியுமோ. தெருவுக்கே தெரிந்து, தனக்கு மட்டும் தெரியாமல், மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறார்.

எழுந்து போய் அலமாரிக்கு அடியிலிருந்து தம் கருவிப் பெட்டியை இழுத்தார். இடுக்கி, கத்தி, சாலிடர் கோல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மெழுகு நூல் கண்டு இருக்க வேண்டிய குழியில் மட்டும் தூசி படியாத ஒரு வட்டம் இருந்தது.

"அத்தை கேட்டாங்கன்னு அப்பா எடுத்துட்டுப் போனாரு," என்றது பின்னாலிருந்து குரல்.

பெட்டியை மூடாமல் அப்படியே நின்றார். தங்கையைப் போய்ப் பார்த்தது ஒரு பக்கம். அவளுக்கு வயிற்றைக் கீறியிருக்கிறார்கள். இந்த வீட்டில் ஒரு வாய் அதைச் சொல்லவில்லை. ஒருவேளை அவள் செத்தே போயிருந்தாலும், தம்பி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, இன்று நீச்சல் நன்றாக இருந்தது என்று சொல்லியிருப்பான். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அன்று அவர் கையில் அடித்த அதே கையால் பெட்டியைத் திறந்து எடுத்திருக்கிறான். இந்தக் கட்டோடு சேர்த்து முடியை வெட்டிவிடத்தான் காலையில் அவன் சலூன் பேச்சை எடுத்தான் என்பதும் இப்போது விளங்கியது.

பரண்மேல் அவருடைய பழைய பெட்டி இருந்தது. நான்கு சட்டை, இரண்டு வேட்டி. கால் மணி நேரத்தில் கட்டிவிடலாம். அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில்வண்டும் அண்ணாந்து பார்த்தாள். 

"நீங்க போயிடுவீங்களா பெரியப்பா?"

"யாரு சொன்னா?"

"அம்மாதான். பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா அவர் வீட்டைவிட்டுப் போயிடுவாரு, அப்புறம் வரவே மாட்டாருன்னு சொன்னாங்க. அந்தப் பின்னலைப் பிரிக்கணும்னு சொன்னாங்க, எனக்குப் பிரிக்க மனசு வரல. அதான் யாருக்கும் தெரியாம மேல முடியைப் போட்டுச் சுத்திச் சுத்திச் சிக்காக்கினேன். ராத்திரி போர்வைக்குள்ள தேய்ச்சு இன்னும் பெருசாக்கினேன். வாரினா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் ஓடினேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க இவ்வளவு நல்லா சிக்கெடுப்பீங்கன்னு எனக்குத் தெரியாது."

பெரியவர் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. குழந்தை வந்து முக்காலியில், பழைய இடத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"மிச்சம் இருக்கு பெரியப்பா."

ஆமாம், மிச்சம் இருந்தது. சின்னப் பின்னலைச் சுற்றிக் கொஞ்சம் முடி இன்னும் பிரியாமல் நின்றது. கட்டு பாதியில் கிடக்கக் குழியைவிட்டு ஏறுகிறவன் அல்ல அவர். விரல்கள் தாமாகவே வேலையைப் பார்த்தன. அவள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. முடித்ததும் மேலே இருந்த முடியைத் தளர இறக்கி, சின்னப் பின்னலை உள்ளே மறைத்து வைத்தார். ஏன் மறைத்தார் என்று அவருக்கே தெரியாது.

தம்பி நான்கு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். வாசலிலேயே நின்று மகளின் தலையைப் பார்த்தான். இடுப்புவரை பளபளவென்று கிடந்தது. அவன் முகத்தில் ரத்தம் வற்றிப் போனதைப் பெரியவர் பார்த்தார்.

"முழுசா எடுத்துட்டீங்களாண்ணே?"

"எடுத்தாச்சு."

"உள்ள... என்ன இருந்துச்சு?"

 முக்காலியில் சின்ன முதுகு விறைத்தது.

"சிக்குத்தான். வேற என்ன இருக்கும்?"

தம்பி மூச்சு விட்டான். சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். பெரியவர் அவனை விடவில்லை. சொல்வதற்கு அவனுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துப் பார்க்க நினைத்தார்.

"ஏண்டா, இவ இப்ப எவ்வளவு தூரம் நீந்தறா?"

"அரைக் குளம் போறாண்ணே. மூச்சு பிடிக்கத்தான் இன்னும் சரியா வரல." கையை முன்னால் வீசி, தண்ணீரை விலக்குவதுபோல் செய்தும் காட்டினான். "இந்தக் கையை இப்படிப் போடணும்னா, இப்படிப் போடுவா. மாஸ்டர் நல்லா வருவான்னுதான் சொல்றாங்க."

ஒரு தடுமாற்றம் இல்லை. கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். இதற்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை பழகியிருப்பான். அவனுடைய கை காற்றில் நீந்திக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் பெரியவருக்கு நெஞ்சு உண்மையாகவே வலித்தது.

"உடம்புக்கு நல்லதுதான். போய்க் குளி," என்றார்.

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

போய்விடலாம். போனால் சொன்ன சொல் நிற்கும். முந்நூறு பேருக்கு முன்னால் குனிந்த தலைக்கு அதுதான் ஒரே ஈடாக இருந்தது. ஆனால் தெரிந்தால்தானே போக வேண்டும். தெரியாத மனிதன் எங்கே போவான்? ஒன்றரை வருடமாக அவர்கள் தமக்கு ஆடிக்காட்டிய அதே நாடகத்தில், இனி தாமும் ஒரு வேஷம் கட்ட வேண்டும். அது கசந்தது. அவர்களை மன்னிக்க மனம் வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை.

சின்னப் பின்னலை வெளியே எடுத்தார். வாலைப் பிடித்து, கண்ணியை நெகிழ்த்தி, நூல் அறுந்துவிடாமல் ஐந்து சுற்றையும் அவிழ்த்தார்.

"ஐயோ, அவுத்துட்டீங்களா?"

"ஆடாம இரு."

நூலில் மெழுகு இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. அவருடைய கண்டு, அவருடைய மெழுகு. வால் விடாதே என்று தங்கையை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். அவள் அப்படித் தாராளமாக விட்டிருந்ததால்தான் இப்போது நீளம் போதும்போல் இருந்தது. கண்ணி வைத்தார். இறுக்கிச் சுற்றினார். சில்வண்டு கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குத் தள்ளி, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு... ஆறு... ஏழு. பெரியப்பா, அத்தை அஞ்சுதான் சுத்துவாங்க."

"தெரியும்."

நுனியை உள்ளே இழுத்து, மிச்சத்தை ஒட்ட நறுக்கினார். பிறகு முடி முழுவதையும் மூன்றாகப் பிரித்து, சின்னப் பின்னல் நடுப்புரிக்குள் போகும்படி வைத்து, நீளமாகப் பின்னிவிட்டார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"நாளைக்கு நான் நீச்சலுக்குப் போகலாமா?"

"போயிட்டு வா."

"நீங்க இங்கயே இருப்பீங்களா?"

"இருப்பேன்."

அவள் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுத் தடவிப் பார்த்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தை பிரிச்சுப் பார்த்துட்டு, இதை யாரு கட்டினான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

பெரியவர் சீப்பிலிருந்து உதிர்ந்த முடிகளை எடுத்து, விரலில் சுற்றி, குப்பைக்கூடையில் போட்டார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவளுக்கு எண்ணத் தெரியும்."